பயோலஜியா, கம்ப்யூட்டரா?

மூன்றாம் படிவ வகுப்பு முடியும் நேரத்தில் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். அடுத்த இரண்டு வருடமும் எந்தப் பாடங்களைப் படிக்கப்போகிறாள் என்று குறித்து, பெற்றோர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியோடு பயோலஜி என்பது முதல் தொகுப்பு. இரண்டாவதில் பயோலஜிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர். அதற்குக் கீழே கணக்கியல், கலை. தாள் மலாயில் இருந்தது. மலாய் எனக்கு நன்றாகவே வரும். எதை எடுத்தால் பல்கலைக்கழகத்தில் எதற்கு இடம் கிடைக்கும் என்பதுதான் புரியவில்லை.

நான் சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவத்தோடு நின்றவள். அப்போது எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது குனோங் ராபாட்டில் வீடு, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. லாரி ஓட்டும் என் கணவர் அந்த வாரம் ஜொகூரில் இருந்தார். போனில் கேட்டால், "நீயே பாத்துப் போட்டுருலா. எனக்கு என்னா தெரியும்?" என்றார்.

மகளிடம் கேட்டேன். "நீ என்னவா ஆகப்போற?"

"தெரியலம்மா."

"பின்ன எப்படி எடுப்ப?"

"அதான் எனக்கும் புரியல. பயோலஜின்னா ஒரே மனப்பாடம். எனக்குக் கணக்குதான் வருது."

கம்ப்யூட்டர் தொகுப்பில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அவள் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை, தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரரின் மூத்த பெண் மருத்துவம் படிக்கிறாள். நான் விஷயத்தைச் சொன்னதும் ரொட்டி மாவைத் தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"என்னா தங்கச்சி இது? பயோலஜி இல்லாட்டி டாக்டர் படிப்புக்குக் கேக்கவே முடியாதுலா."

என்னோடு வந்த தோழி விடவில்லை. "சும்மா இருங்க அண்ணே. எங்க அண்ணன் மகன் எல்லாத்தையும் எடுத்துப் போட்டு ஒன்னுலயும் ஏ கிரேடு வரல. புள்ளைக்கு வர்றத எடுக்கட்டும்."

இருவரும் சொன்னது சரியாகத்தான் பட்டது. வாங்கிய ரொட்டியை மேசையிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

காலையில் அரை நாள் லீவு போட்டு, மகளிடம் சொல்லாமலேயே மோட்டார்சைக்கிளில் பள்ளிக்குப் போனேன். ஆலோசக ஆசிரியை ஒரு மலாய்ப் பெண், என்னைவிட இளையவர். மதியம் வரை மாற்றலாம் என்றார். "உங்கள் மகள் என்னவாக வேண்டும்?" என்று கேட்டார்.

"டாக்டர்" என்றேன். எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மகளை வகுப்பிலிருந்து அழைத்துவரச் சொன்னார். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"ஏம்மா வந்தீங்க? அப்பாவுக்கு ஏதாவது ஆயிருச்சா?"

ஆசிரியை அதே கேள்வியை அவளிடமும் கேட்டார். "இன்னும் தெரியாது" என்று மலாயில் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். ஆசிரியை எங்களைத் திட்டவில்லை. விதிமுறைகள் அடிக்கடி மாறுகின்றன, இன்றைக்குள்ளதைச் சொல்ல முடியும், இவள் விண்ணப்பிக்கும்போது எப்படி இருக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு அந்தத் தாளை எடுத்து, பேனாவோடு எங்கள் முன்னால் வைத்தார்.

இரண்டு பேரும் பேனாவைத் தொடவில்லை.

"நீங்க சொன்னா மாத்திடுறேன்மா" என்றாள் மகள். "ஆனா மார்க் வராட்டி ஏசக்கூடாது."

"நான் சொல்ல மாட்டேன். எனக்கும் தெரியலடா."

பெற்ற பிள்ளையிடம் அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டு நாளாகத் தெரிந்த மாதிரியேதான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் எதையும் மாற்றாமல் தாளை ஆசிரியையின் பக்கம் தள்ளினாள்.

இரண்டு வருடம் கழித்து எஸ்.பி.எம். தேர்வு எழுதினாள். கெமிஸ்ட்ரி காலை வாரினாலும் மற்றவை நன்றாக வந்தன. பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேசன் படிப்பில், கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கிடைத்தது. செய்தி வந்த அன்று வேலை இடத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். "இங்க எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரங்களா இருக்காங்கம்மா. சரியான எடத்துக்குத்தான் வந்தேனான்னு தெரியல."

"சாப்டியா?" என்று கேட்டேன்.