பதினேழாம் குழாயின் ஈரம்

குழாய்க்காரர் என்ற பட்டப்பெயரை நம்பி, தெருவில் இரண்டு பேர் ஒழுகும் குழாயைக் காட்ட அவரைத் தங்கள் சமையலறை வரைக்கும் இழுத்துப் போயிருக்கிறார்கள். பாவம், அவர் பார்க்கிற குழாய்களில் தண்ணீரே வராது. மழைக்காட்டுக்குள் நாற்பது இடங்களில், ஆள் உயரத்துக்கு மண்ணுக்குள் இறக்கிவிட்ட அலுமினியக் குழாய்கள் அவை. செவ்வாய்க்கிழமைதோறும் ஒவ்வொன்றுக்குள்ளும் கருவியை இறக்கி, மண்ணில் நூற்றுக்கு எவ்வளவு ஈரம் என்று நோட்டில் எழுதுவது அவர் வேலை. இருபத்து நாலு வருஷமாக எழுதுகிறார். காய்ச்சலோடு போயிருக்கிறார், அட்டை கடித்த காலோடு போயிருக்கிறார். மறுவீட்டு விருந்து செவ்வாயில் வருகிறதென்று அதையே புதனுக்குத் தள்ளிவைத்த மகராசன்.

இந்த வருஷம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிதாக வந்த மேடம், அவருடைய நோட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். கோடைக் கணக்கில் முப்பத்தொன்பது குழாய்களில் ஈரம் வருஷா வருஷம் இறங்குகிறது. பதினேழில் மட்டும் ஏறுகிறது.

"காடு அங்க தன்னைத்தானே தேத்திக்குதுண்ணே. எப்படின்னு தெரிஞ்சா மத்த இடத்தையும் காப்பாத்திடலாம். கட்டுரையில உங்க பேரும் வருது."

அச்சில் பேர்! மனைவி அன்றைக்கே தையற்கடையிலிருந்து மருந்துக்கடை வரை தகவல் சொல்லி முடித்துவிட்டாள். தெருவில் அவரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார்.

கட்டுரை அனுப்புவதற்கு முந்தின நாள், மேடம் அவரைக் கூப்பிட்டுத் திரையில் கோட்டைக் காட்டினார்.

"பாருங்கண்ணே, அஞ்சு வருஷம் மத்த குழாய் மாதிரிதான் போகுது. ஆறாவது வருஷம் ஒரு தாவல். பதினஞ்சாவது வருஷம் இன்னொன்னு. அப்படி என்னதான் நடந்திருக்கும்?"

ஆறாவது வருஷம் அவருக்குக் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்னால் காகிதத்தில் சுற்றிய பன் ஒன்றைத் தின்றுவிட்டுக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். கல்யாணத்துக்குப் பின் மூன்றடுக்கு கேரியர் வந்தது. மதியம் சரியாகப் பதினேழாம் குழாய்க்கு வந்து சேர்வார். பக்கத்தில் உட்கார வாகான பாறை, கீழே ஓடை. ஒரு வாளி மொண்டுவந்து கேரியரைக் கழுவி அங்கேயே வீசிக் கொட்டுவார். பதினைந்தாவது வருஷம் முட்டிவலி வந்ததும், காலை நனைக்க இன்னும் இரண்டு வாளி. அளந்து முடித்த பிறகுதானே கொட்டுகிறோம் என்று அதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. கொட்டியது அடுத்த செவ்வாய் வரை மண்ணிலேயே இருக்கும் என்பது இப்போதுதான் உறைத்தது.

வராந்தாவுக்கு ஓடிப்போய் மனைவிக்கு போன் போட்டார்.

"அப்போ நான் குடுத்துவிட்ட கேரியரைக் கழுவின தண்ணிதான் உங்க கட்டுரையா?" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு கேட்டாள், "சொன்னா பேரு போயிடுமா?"

"போயிடும்."

"போனா போகட்டும், போய்ச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு நாலு பேர் முன்னாடி மூக்கறுபட வேணாம்."

சொன்னார். கேரியர், வாளி, முட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் கல்யாணத் தேதியைக் கேட்டார், திரையில் தேடினார். சரியாக அங்கேதான் கோடு ஏறியிருந்தது. அவ்வளவுதான், நாற்காலியிலிருந்து வழுக்கி விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

"உங்க முட்டிவலி தேதி கூட இருக்குண்ணே இதுல."

குழாய்க்காரருக்கும் சிரிப்புப் பிய்த்துக்கொண்டது. இருவரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.

"பார்த்தீங்களா மேடம், என் கணக்கு இம்மி பிசகாது" என்றார் பெருமையாக.

மேடத்தின் சிரிப்பு நின்றது. "ஆமாண்ணே. அப்போ மத்த முப்பத்தொன்பதும் நிஜம்." கட்டுரையின் தலைப்பை அழித்துவிட்டு, "உங்க பேரு இருக்கும். தலைப்புதான் மாறும். இனிமே அங்க ஒரு சொட்டுத் தண்ணி விடாதீங்க" என்றார்.

அதிலிருந்து கேரியர் கழுவாமலே வீட்டுக்கு வந்தது. "நாறுதே" என்று மனைவி திட்ட, "ஆராய்ச்சி" என்று அவர் முறைப்பாகச் சொல்ல, வீடே கலகலப்பாகத்தான் இருந்தது. காட்டில்தான் பதினேழு வாராவாரம் இறங்கியது. முப்பத்து நாலு, முப்பது, இருபத்தேழு. ஒன்பதாவது செவ்வாய் இருபத்திரண்டு. பதினாறும் அதேதான், பதினெட்டும் அதேதான்.

வாளி பாறைமேல் இருந்தது. ஓடை நூலாக ஓடினாலும் ஒரு வாளி மொள்ளலாம். சுற்றிலும் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு வாளி ஊற்றிவிடலாமா என்று கை பரபரத்தது.

இருபத்திரண்டு என்றே எழுதினார். நோட்டை மூடிவிட்டு, குழாயை விட்டு நாலடி தள்ளிப் போய் நின்று அழுதார்.