சொட்ட வேண்டிய தண்ணீர்

என் மேசையின் மீது ஒரு பித்தளைக் குழல் நிற்கிறது. உட்புறம் ரப்பர் வரிகள். வெளிப்புறம் பச்சை படிந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் அதில் பேனாக்களைச் செருகிவைத்திருந்தார்கள். வருகிறவர்கள் பழைய பூச்சாடி என்று நினைத்துக்கொள்வார்கள். அது, மரக்காணம் பக்கத்துக் கால்வாயில் ஓடிய மோட்டார் படகின் புஷ். எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கொண்டுசெல்லும் எஃகுத் தண்டு, தண்ணீருக்குள் இந்தக் குழலில்தான் அமர்ந்து சுழலும். கழித்துப்போட்ட பொருளை முறையாக அனுமதி பெற்றே என் சொந்த ஊரான செஞ்சிக்குக் கொண்டுவந்தேன். இதையும் சொல்லவேண்டியிருக்கிறது, என்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு பொய்க்கதை உலவுகிறது.

அந்தக் கதையின் கர்த்தா, நான் வேலை பார்த்த படகுப் பணிமனையின் கண்காணிப்பாளர். வெள்ளைச் சட்டையில் ஒரு துளி கிரீஸ் படாமல் பணிக்காலத்தை முடித்தவர். பொறியியல் பட்டத்தோடு நான் சேர்ந்த நாளிலேயே, "கோட்டைப் பாறையில பொறந்த ஆளு, தண்ணியில இன்னாய்யா பண்ணப்போற?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். சிரித்தார்கள். என் பதிலை வேலையில் காட்டினேன். தண்டும் எஞ்சினும் இணையும் இரு வட்டத் தகடுகளுக்கிடையே மெல்லிய அளவுத்தகட்டைச் செருகி, நாற்புறமும் ஒரே இடைவெளி கிடைக்கும்வரை எஞ்சினை நகர்த்துவேன். அதையும் படகைத் தண்ணீரில் இறக்கி, அது தன் எடைக்கு அடங்கி அமர்ந்த பிறகே செய்வேன். கரையில் நேராக இருந்தது தண்ணீரில் நேராக இருப்பதில்லை.

தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் கொழுப்பு ஊறிய கயிற்றைச் சுற்றி, ஒரு பெரிய நட்டால் அழுத்திவைப்பது வழக்கம். படகு ஓடும்போது அங்கே தண்ணீர் சொட்டுச்சொட்டாக உள்ளே விழ வேண்டும். அந்தச் சொட்டுதான் கயிறும் தண்டும் சூடேறாமல் காப்பது. தேங்குவதைப் பம்பு இறைத்துவிடும். மேலதிகாரிகள் படகைப் பார்வையிட வந்த நாளில் கண்காணிப்பாளர் உள்ளே எட்டிப்பார்த்தார். "யோவ், இன்னாய்யா இது, ஒழுவுது? வர்றவங்க காலு நனையணுமா?" என்றார். காரணத்தை விளக்கினேன். "காலேஜ் பாடத்த அப்புறம் நடத்து" என்று என்னைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, ஓட்டுநரைக் கொண்டு அந்த நட்டை முழுக்க இறுக்கிவிட்டார். நான் திரும்புவதற்குள் படகு புறப்பட்டிருந்தது.

நடுக்கால்வாயில் புகை கிளம்பியது. கயிறு கருகி, தண்டு இறுகி நின்றது. மேலதிகாரிகள் மீன்பிடி வள்ளத்தில் கரை சேர்ந்தார்கள். "சார்தான் இறுக்கச் சொன்னாரு. நான் இன்னா பண்ணுவேன்?" என்று ஓட்டுநர் என்னிடம் முணுமுணுத்தார், மற்றவர்களிடம் வாய் திறக்கவில்லை. கண்காணிப்பாளரோ, தண்டை நான் கோணலாகப் பொருத்தியதே காரணம் என்று அதற்குள் சொல்லி முடித்திருந்தார். மறுத்தேன், யாரும் செவிசாய்க்கவில்லை. அதற்குப் பிறகு பணிமனையில் என் பெயரே 'கோணத்தண்டு' ஆயிற்று.

சென்ற மாதம் என் வீட்டில் பேத்தியின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரின் உறவினராக அதே கண்காணிப்பாளர் வந்து நடுநாயகமாக அமர்ந்தார். காபி கைக்கு வருவதற்குள் கதை தொடங்கிவிட்டது. "தாத்தா பூட்டுன தண்டு கோணை. பேத்தியாவது நேரா இருக்கும்னு நம்புறேன்" என்று முடித்தார். கூடம் சிரித்தது. என் பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

என்னைச் சொன்னதை இத்தனை காலம் பொறுத்தேன். என் வீட்டுக்குள் அமர்ந்து அந்தப் பெண்ணைச் சொன்னதைப் பொறுக்க நான் கடமைப்பட்டவனல்லன். உள்ளே சென்று, பேனாக்களை மேசையில் கொட்டிவிட்டு, குழலை எடுத்துவந்து மாப்பிள்ளையின் தந்தை கையில் கொடுத்தேன். அவர் இங்கே ரைஸ்மில் நடத்துபவர். தண்டும் புஷ்ஷும் அவருக்குப் புதிதல்ல. "அன்னைக்கி அந்தப் படகுல இருந்த புஷ் இது" என்றேன். விரலை உள்ளே விட்டு மெல்லச் சுற்றினார்.

"சுத்தி ஒரே மாதிரி தேஞ்சிருக்குது. தண்டு கோணையா இருந்தா ஒரு பக்கத்தத் தின்னுருக்குமே?" என்று கண்காணிப்பாளரை நிமிர்ந்து பார்த்தார்.

"அட, சிரிப்புக்குச் சொன்னது. இத்தினி வருஷமா இத வச்சிக்கினா இருக்க?"

"நீங்க கதைய வச்சிருந்தீங்க சார். நான் இத வச்சிருந்தேன்."

அவர் காபியை எடுத்துக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவரை அப்போதும் 'சார்' என்று அழைத்தேனே என்பதுதான் இன்றுவரை எரிகிறது.

பேனாக்களை இப்போது ஒரு டம்ளரில் போட்டிருக்கிறேன். குழல் மேசையில் தனியாக நிற்கிறது. பூச்சாடியா என்று கேட்கிறவர்களை, விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.