சுட்டுவிரலில் குடியேறிய நரம்பு

போன கிழமை மச்சானைக் கை டொக்டரிடம் கூட்டிப்போனேன். மச்சான் என்றால் மனைவியின் தம்பி குணம்... பெரியகல்லாற்று வாவியில் தோணியில் இருந்து தூண்டில் போடுகிறவன்.

சுனாமியன்று கூரைத் தகரம் ஒன்று அவன் வலது மணிக்கட்டை வெட்டியது. நரம்பைத் தைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் விரல்கள் மரக்கட்டை. பிறகு உணர்ச்சி திரும்பியது — கோணலாக. சண்டை ஓய்ந்த பிறகுதான் இப்படியான டொக்டர்கள் மட்டக்களப்புக்கு வருகிறார்கள்.

"கண்ண மூடுங்க. எந்த விரலத் தொடுறன்?"

டொக்டர் தொட்டது சுட்டுவிரல்.

"நடுவிரல்," என்றான் குணம். மறுபடி தொட்டார். மறுபடியும் "நடுவிரல்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கங்கெட்ட சிரிப்பு! அவன் பிழைப்பே இதனால்தான் படுத்துவிட்டது. தூண்டில் நூல் ஓடுவது சுட்டுவிரலில். மீன் இழுத்தால் தெரிவதோ நடுவிரலில். அவன் தடுமாறுவதற்குள் மீன் போய்விடும். பாதி நாள் வெறுந்தோணி.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். அறுந்த நரம்பிழை நுனியிலிருந்து திரும்ப வளருமாம். உள்ளே டியூபுலின் என்றொரு புரதம், சின்னச் சின்னக் குழாய்களாகச் சேர்ந்து இழையைத் தாங்குகிறது. குழாய்கள் எந்தப் பக்கம் உறுதியாக நிற்கின்றனவோ, நுனி அந்தப் பக்கம் திரும்பும். நடுவிரலுக்குரிய இழை இவனுக்குச் சுட்டுவிரலில் குடியேறிவிட்டது. மூளைக்கு அது தெரியாது.

"பயிற்சி செய்தா மூளையப் பழக்கலாம்," என்று, வியாழக்கிழமை பயிற்சிக்கு வரச்சொல்லித் துண்டு எழுதித் தந்தார்.

பஸ்ஸில் குணம் சொன்னான், "நான் வரல்ல மச்சான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மீன் வேணாமா உனக்கு?"

அவன் தன் நடுவிரலைப் பிடித்துக் காட்டினான்.

"தர்சி எப்பவும் என்ட நடுவிரலத்தான் பிடிப்பாள். அண்டைக்கும் அதத்தான் பிடிச்சிருந்தாள். தகரம் வெட்டினதோட விரல் செத்துப்போச்சு. அவள் விட்டது எனக்குத் தெரியல்ல மச்சான்."

தர்சி அவன் மகள். நாலு வயது. அவளை அலை திருப்பித் தரவேயில்லை.

"இப்ப மீன் இழுக்கக்குள்ள அந்த விரலத்தான் ஆரோ பிடிக்கிற மாதிரி இரிக்கு. குனிஞ்சு பாக்கிறன். மீன் போயிருது... போகட்டும். பழக்கினா அது சுட்டுவிரலுக்கு மாறிரும் எண்டுறார் டொக்டர். பிறகு என்ட புள்ள எங்க பிடிக்கிற?"

நானும் பிள்ளை பெற்றவன். கல்லடிப் பாலம் தாண்டும்வரை டொக்டர் தந்த துண்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தேன்.

இன்று வியாழக்கிழமை. துண்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. வா என்று அவனைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.