சீயமங்கலம் சாலையில் தூங்கிய ஓட்டுநரும் என் நாற்பத்தெட்டு மணி நேரமும்

சென்னையிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றித்தான் இந்த வலைப்பூவில் எழுதுகிறேன். காரணம் எளிது. நான் ஒரு சரக்கு விமான நிறுவனத்தில் துணை விமானி. எங்களுக்கு வாரத்தில் தொடர்ந்து நாற்பத்தெட்டு மணி நேரம் ஓய்வு தர வேண்டும், அதற்குள் இரண்டு முழு இரவுகள் அடங்க வேண்டும் என்பது விதி. முதல் நாள் தூங்கியே போகும். இரண்டாம் நாள் எங்காவது போவேன். இம்முறை செஞ்சி. போனது ஒரு திங்கட்கிழமை, அமாவாசைக்கு மறுநாள்.

கிளாம்பாக்கத்தில் காலை 6.05க்குத் திருவண்ணாமலை பேருந்து. செஞ்சிக்கு 145 ரூபாய். திண்டிவனத்தில் பத்து நிமிடம் நின்றது. வல்லம் தாண்டியதும் பாறைக் குன்றுகள் தெரிய ஆரம்பித்தன. 9.15க்கு இறங்கினேன். பேருந்து நிலையத்தில் மொட்டை போட்ட தலைகளும் கையில் எலுமிச்சம்பழமுமாக ஒரே கூட்டம். மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசை இரவைக் கழித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். இதை முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். நீங்கள் போவதாக இருந்தால் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கோட்டைக்கு ஆட்டோ 60 ரூபாய், நுழைவுச் சீட்டு 25. ராஜகிரி உச்சிக்குப் போக எனக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆனது, இறங்க ஐம்பது நிமிடம். குரங்குகள் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கும், பைக்குள் வையுங்கள். பிற்பகல் ஆகிவிட்டால் மேலே விடமாட்டார்கள். கோட்டையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

சீயமங்கலம் குடைவரைக் கோயிலைப் பார்க்க வாடகைக் கார் பேசினேன். போய் வந்து, திண்டிவனத்தில் இறக்கிவிட 2,200 ரூபாய். ஓட்டுநர் பெயர் ஏழுமலை. நாற்பது வயதிருக்கும். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. ஆனால் கண் சிவந்திருந்தது. என் சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. விமானி அறையில் பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பழக்கம் இது. ஆள் தூங்கினாரா இல்லையா என்பதை முகத்தில் தேடுவேன்.

"நைட்டு மலையனூர் ட்ரிப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். பதினோரு மணிக்கெல்லாம் வண்டிய ஷெட்ல போட்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். நல்லாத் தூங்கிட்டேன்."

பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. ஆனாலும் முன் இருக்கையில் ஏறினேன். அப்போது மணி 12.50.

தேசூர் பக்கம் போகும்போது "மேடம், எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். பத்து நிமிடம் கழித்து அதையே மறுபடி கேட்டார். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியை இறக்கினார். கழுத்தின் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இவையெல்லாம் எங்கள் பயிற்சி வகுப்பில் பட்டியல் போட்டுக் காட்டும் அறிகுறிகள். நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். 'பயந்தவள்' என்று நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தவறு.

ஓர் ஏரிக்கரை வளைவில் வண்டி மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. எதிரே மணிலாக் கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர். ஏழுமலையின் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை.

"அண்ணே!" என்று கத்தி ஸ்டியரிங்கைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தேன். டிராக்டர்காரர் திட்டியபடி உரசாமல் போனார். ஏழுமலை திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார், வண்டி கரையோரப் புளியமரத்துக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது.

தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டும்போது டேஷ்போர்டில் டீசல் பில் கண்ணில் பட்டது. அன்றைய தேதி, காலை 5.52.

"பதினோரு மணிக்கு ஷெட்ல போட்ட வண்டிக்கு விடியக்காலையில யாருண்ணே டீசல் போட்டது?"

அவர் பில்லைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா படுக்கல மேடம். மலையனூருக்கு அஞ்சு நடை. கடைசி நடை முடியறப்ப ஆறு மணி. ஓனர் நோட்டுல நைட்டு பதினோரு மணிக்கே வண்டி வந்துட்ட மாதிரி எழுதிட்டாரு. எதனா ஆச்சின்னா, டிரைவருக்கு ரெஸ்ட்டு குடுத்தோம்னு காட்டணுமில்ல. முடியாதுன்னா அடுத்த அமாவாசைக்கு வேற ஆளப் போடுவாரு. நான் இன்னா பண்றது?"

"இப்ப தூங்குங்க. கெளம்பறப்ப நான் எழுப்புறேன்."

"வண்டி நின்னா ஜிபிஎஸ்ல தெரிஞ்சிடும் மேடம். போன் பண்ணுவாரு."

"பண்ணட்டும். நான் பேசிக்கிறேன்."

பின் இருக்கையில் காலை மடக்கிப் படுத்தவர் ஒரு நிமிடத்தில் தூங்கிவிட்டார். சொன்ன மாதிரியே இருபது நிமிடத்தில் அவர் கைப்பேசிக்கு முதலாளியின் அழைப்பு வந்தது. எடுத்து, "நான்தாங்க நிறுத்தச் சொன்னேன், ஏரியில கொக்கு போட்டோ எடுக்கறேன்" என்றேன். "டிரைவர் எங்க?" என்று கேட்டார். "எனக்கு இளநீர் வாங்கப் போயிருக்கார்." நான் சாதாரணமாகப் பொய் சொல்கிறவள் இல்லை. அன்று தடங்கலே இல்லாமல் வந்தது.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. 'நோட்டில் எழுதிவிட்டார்.' என் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது?

எங்கள் பணிநேரமெல்லாம் ஒரு செயலியில் இருக்கும். ஞாயிறு காலை நான் பணி முடித்தது 8.20க்கு. சரக்கு ஏற்றும் இடத்தில் தாமதம், மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். செயலியைத் திறந்தேன். பணி முடிவு, ஞாயிறு காலை 5.10. அது திட்டமிட்ட நேரம். நடந்த நேரம் இல்லை. நான் பதிந்த 8.20ஐக் காணவில்லை.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தலைமை விமானி கையெழுத்திட்ட பதிவேட்டை என் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பேன், பறந்த நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதற்காக. அந்தப் படத்தில் விமானம் வந்து நின்ற நேரம் 7.50. அதற்கு மேல் அரை மணி நேரம் சேர்த்தால்தான் பணி முடியும். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

2.40க்கு எங்கள் அட்டவணைப் பிரிவிலிருந்து அழைப்பு. பேசிய பெண்ணின் குரல் வழக்கத்தைவிட இனிமையாக இருந்தது. நாளை செவ்வாய் காலை 5.30க்கு வர முடியுமா, ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றார்.

"என் ஓய்வு எப்ப முடியுது?"

"காலையில 5.10க்கு மேடம். சிஸ்டம் அலவ் பண்ணுது."

"8.20க்குத்தான் முடியுது. பதிவேட்டோட படம் எங்கிட்ட இருக்கு. யார் மாத்தினது?"

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "தெரியல மேடம். செக் பண்ணிட்டுச் சொல்றேன்." வைத்துவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து படத்தையும் செயலியின் திரைப்பிடிப்பையும் இணைத்து, விதிப்படி அந்த நேரத்துக்குள் என் ஓய்வு முடியாது, வர இயலாது என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பாதுகாப்புப் பிரிவுக்கும் ஒரு நகல். அனுப்பும் பொத்தானை அழுத்த நாலைந்து நிமிடம் ஆனது. தலைமை விமானியாகப் பதவி உயர்வு பெறும் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அதை நினைத்துத்தான்.

ஏழுமலை 3.35க்குத் தானாகவே எழுந்தார். முகம் கழுவிவிட்டு, "எத்தினி நேரம் தூங்கினேன் மேடம்?" என்றார். ஒன்றே முக்கால் மணி நேரம் என்றதும் சிரித்தார். சீயமங்கலம் போனோம். சிறிய குடைவரை. தூணில் ஆடும் சிவன், அரை முழ உயரம்கூட இருக்காது. அரை மணி நேரம் போதும். திரும்பும் வழி முழுக்க நான் அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். திண்டிவனத்தில் 5.40க்கு இறக்கிவிட்டார். அங்கேயே படுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன். "சரி மேடம்" என்றார். செய்தாரா என்று தெரியாது.

மூன்று நாள் கழித்து நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. கணினிக் கோளாறு, திருத்திவிட்டோம், வருந்துகிறோம். அவ்வளவுதான். என் பழைய ஆறு மாதப் படங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இன்னும் இரண்டு இடங்களில் நேரம் பொருந்தவில்லை. இரண்டிலும் குறைந்திருந்தது என் ஓய்வுதான். கோளாறு என்றால் ஒரு முறையாவது ஓய்வைக் கூட்டிக் காட்டியிருக்க வேண்டாமா? அவற்றையும் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.

செஞ்சி போகிறவர்களுக்கு: அமாவாசையையும் அதன் மறுநாளையும் தவிருங்கள். கார் பேசும்போது 'தூங்கினீர்களா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கடைசி சவாரி எந்த ஊர், எத்தனை மணிக்கு முடிந்தது என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் ஏறாதீர்கள். ஏறிவிட்டால் வெட்கப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எனக்குப் பதிலாகப் போனது என் நண்பர்தான். போன வாரம் அவரிடம், "உன் ஓய்வு முடிஞ்சிருந்ததா?" என்று கேட்டேன். செயலியில் முடிந்துவிட்டதாகத்தான் காட்டியது என்றார். பதிவேட்டைப் படம் எடுத்தாயா என்றேன். எடுக்கும் பழக்கம் இல்லை என்றார். அந்த விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. அதனால் அதைப் பற்றி வேறு யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.