அஞ்சலா கட்டிய தொட்டில்

எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு ஃபேன் போடவே முதலில் நாலு பேரிடம் கெஞ்ச வேண்டும். அப்படிப்பட்ட கம்பெனிக்காரர்கள் ஒரு சனிக்கிழமை எங்களைக் கேன்டீனில் உட்காரவைத்து, ஆளுக்கொரு சார்ட்டும் பசையும் கத்திரியும் கொடுத்தார்கள். நடுவில் பழைய வாரப் பத்திரிகைகளைக் குவித்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் மைக்கில் பேசினாள். வாழ்க்கையில் நமக்கு என்ன வேண்டுமோ அதைப் படமாக வெட்டி ஒட்டி, தினமும் பார்த்தால் நடக்குமாம். அதற்கு விஷன் போர்டு என்று பெயராம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பார்த்தால் கிடைக்கும் என்றால், இந்நேரம் நான் ஒரு நகைக்கடைக்கே முதலாளி.

பக்கத்தில் அஞ்சலாட்சி இருந்தாள். செய்யூர் பக்கத்துக்காரி. நானும் அவளும் ஒரே மேசையில் நின்று கார் ஒயர்களுக்கு டேப் சுற்றுகிறவர்கள். அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது, குழந்தை இல்லை. புருஷன் ராஜாராம் சவுக்கு வெட்டப் போகிறவன், ஒரு சொல் குத்திப் பேசாதவன். ஊர் பேசாமல் இருக்குமா? வளைகாப்புக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

எல்லோரும் காரும் மாடி வீடும் ஒட்டினார்கள். நான் ஏசி ஒட்டினேன், வெட்ட சுலபமாக இருந்தது. அஞ்சலா பத்திரிகையைத் தொடவே இல்லை. வெளியே போய் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி வந்தாள். கைக்குட்டையைக் கிழித்து, கல்லை உள்ளே வைத்து, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டுச் சார்ட்டில் தொங்கவிட்டாள். ஆடி மாதம் அம்மன் கோயில் வேம்பில் பிள்ளை இல்லாதவர்கள் கட்டுகிற அதே தொட்டில்.

"இன்னாடி பண்ற? படம்தானே ஒட்டச் சொன்னாங்க?"

"படம் ஒட்டினா போதுமாக்கா? கட்டினாத்தான் வேண்டுதலு."

மைக்கில் பேசிய பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சார்ட்டைத்தான் கேன்டீன் வாசலில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டினாள்.

பார்க்கக் கூடாத ஆள் பார்த்துவிட்டார். காசிநாதன், எங்களை வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டர். அந்த மாதத்தோடு எங்கள் கான்ட்ராக்ட் முடிகிறது. யாரை வைப்பது, யாரைக் கழிப்பது என்பது அவர் கையில் இருந்தது. அஞ்சலாவைக் கூப்பிட்டார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"எத்தினி மாசம்மா?"

"இன்னும் சாமி கண்ணத் தொறக்கல சார்."

"இல்லாமயா தொட்டில கட்டி மாட்டிகினு கீற?"

"வேண்டுதலு சார்."

"அது இன்னும் பேஜாரு. இன்னிக்கு இல்லன்னா நாளிக்கு. பாதியில நீ நின்னுட்டா மேல கீறவங்ககிட்ட எனக்குத்தான் திட்டு." அவரை இரக்கம் இல்லாத ஆள் என்று சொல்ல மாட்டேன், அதுதான் கொடுமை. "சரி, ஒண்ணு பண்ணு. எனக்குப் புள்ளயே பொறக்காது, வேணவே வேணாம்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லு. போய் வேலையப் பாரு."

ஒரு வார்த்தை. நானாக இருந்தால் ஒன்பது சொல்லியிருப்பேன். அவள் இடுப்பில் இடித்தேன். அஞ்சலா வாயைத் திறந்தாள், மூடினாள். எங்கள் பக்கத்தில் அரிசி தீர்ந்துபோனால்கூட 'இல்லை' என்று சொல்ல மாட்டோம், 'நிறைஞ்சிருக்கு' என்போம். வாயிலிருந்து விழுந்தது பலித்துவிடும் என்று பயம். அவளிடம் இருந்ததோ அந்த ஒரு ஆசை. கடைசிவரை அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. காசிநாதன் உச்சுக் கொட்டிவிட்டு, அடுத்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காசிநாதன் மேல், மைக் பெண் மேல், இவள் மேலும்தான். "சும்மானாச்சும் சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னாடி? பொய்தானே?"

"உனக்கு ரெண்டு புள்ளைங்க கீதுங்கக்கா. நீ சொல்லலாம்."

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு ஏரி தாண்டும்போது என் காதோரம் குனிந்தாள்.

"அக்கா, நாப்கின் வெச்சிருக்கியா?"

பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் மறைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இந்த வாட்டி நாள் தள்ளிப் போயிருந்திச்சிக்கா. சொன்னா வயித்துல தங்காதுன்னு உன்கிட்டகூடச் சொல்லல."