அளவுச் சட்டை

எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய மற்ற வீடுகளில், அக்கா போட்டுக் கழித்த உடுப்பைத் தங்கச்சி போடுவாள். எங்கள் வீட்டில் தங்கச்சியின் புது உடுப்பை நான் போட்டேன். அவள் செத்துப் போயிருந்தாள்.

றக்வானையிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டத்தில்தான் நாங்கள் இருந்தோம். எனக்கு ஒன்பது வயதும் அவளுக்கு ஆறு வயதும் இருக்கும்போது ஒரு மழைக்காலக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. கல்யாணம் ஆகாமல் சாகிற பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை புது உடுப்பு, கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் எல்லாம் வைத்து அவளுக்குப் படையல் போடுவோம். படையல் முடிந்ததும் அந்த உடுப்பை வீட்டிலிருக்கும் பெண்பிள்ளை உடுத்த வேண்டும். இருந்தது நான் ஒருத்திதான். யாருக்கும் ஆகாமல் வீணாய்ப் போகக் கூடாதென்று அம்மா ஒவ்வொரு வருடமும் என் அளவிலேயே வாங்கினாள். அப்படியே தங்கச்சியும் கவுனிலிருந்து பாவாடை சட்டைக்கும், அதிலிருந்து தாவணிக்கும், பிறகு சேலைக்கும் வந்து சேர்ந்தாள்.

அதை உடுத்திக்கொண்டு வந்து நின்றால் அம்மா என்னைப் பார்ப்பாள். பார்ப்பாள் என்று சொல்லவும் முடியாது. அந்தப் பார்வை என்னிடம் வந்து நிற்காது. எனக்குப் பின்னால் இன்னொருத்தி நிற்கிறாளோ என்று பயந்து சின்ன வயதில் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். பெரியவளான பிறகு திரும்பவில்லை, ஆனால் முதுகு கூசும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கண்டியில் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பில் இருந்தேன். ரப்பர் இலையில் வரும் நோய் என் ஆய்வு. ஆய்வேட்டில் ஒட்டி வைத்திருந்த படங்களைப் பார்த்த பேராசிரியர், இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒழுங்கு பண்ணிக்கொண்டு வா, ஒரு வாரம் தருகிறேன் என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தார். வெளிச்சம் கூட்டலாம், கறை துடைக்கலாம், ஆனால் இல்லாததைக் கொண்டுவந்து படத்தில் வைக்கக் கூடாது. அந்த வாரம் எங்கள் படையலும் வந்ததால் வீட்டுக்கே போய்விட்டேன்.

றக்வானை டவுனில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதை நடத்திய முஸ்லிம்காரரை டவுனே ‘நானா’ என்றுதான் கூப்பிடும், அவர்கள் பேச்சில் அண்ணன் என்று அர்த்தம். புதிதாகக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கியிருந்தார். முன்பகலில் கடை சும்மாதான் கிடக்கும், வந்து பழகிக்கொள் என்றார். ஆட்களின் அடையாள அட்டைப் படத்திலிருந்து முகத்தை வெட்டி, கோட்டுப் போட்ட உடம்பில் ஒட்டி, பெரிதாக்கிக் கொடுப்பதுதான் அவருக்கு முக்கிய வியாபாரம். சுவரில் மாட்டி மாலை போடுவதற்காகத் தோட்டத்து ஆட்கள் கேட்டு வாங்குவார்கள்.

"செத்தவங்களுக்குக் கோட்டுப் போடுறது லேசு தங்கச்சி. உசுரோட ஈக்கிறவங்கதான் கொற செல்லுவாங்க" என்றார்.

முதல் நாள் மவுசை மேசையில் உருட்டத் தெரியாமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு பிளேன்டீ வாங்கப் போனார். நான் அந்த யந்திரத்தை மனதுக்குள் திட்டினேன். பாதி வேலையில் கரண்ட் போகும், செய்ததெல்லாம் போய்விடும். மறுநாள் கை கொஞ்சம் வசப்பட்டது. ஓரிடத்தின் நிறத்தை எடுத்து இன்னோரிடத்தில் பூசி, ஒரு கிழவர் கன்னத்திலிருந்த கறையைச் சுவடில்லாமல் மறைத்தேன்.

அன்று பின்னேரம் அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சாம்பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ரொட்டி சுட்டபடியே என் கெட்டித்தனத்தை அளந்துகொண்டிருந்தேன். அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அப்புடின்னா இல்லாத மொகத்தையும் கொண்டாந்துருவியா?"

"யாரு மொகம்மா?"

"ஒன் தங்கச்சி மொகம்."

தங்கச்சியை யாரும் ஒரு படம்கூட எடுத்ததில்லை. புதைத்த இடத்து மண்ணும் மழையில் கரைந்து சமமாகிவிட்டது.

"அவ மொகம் வரமாட்டேங்குது புள்ள. கண்ண மூடுனா ஒன் மொகந்தான் வருது. வெள்ளிக்கெழம யார நெனச்சிக் கும்புடுறது நானு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் உடுப்பையெல்லாம் என்மேல் போட்டுப் பார்த்தது யார்? இப்போது நானே அவளைத் தின்றுவிட்டதுபோலப் பேசினால் நான் என்ன செய்வது? வாயைத் திறந்தால் கொட்டிவிடும் என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். கோபம் ஆறியதும் பயம் வந்தது. என்னிடமும் அவளுடைய முழு முகம் இல்லை. முன்பல் விழுந்த ஓட்டையை யாரும் பார்க்கக் கூடாதென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளே, அது மட்டும்தான் இருந்தது. அம்மாவிடமும் இல்லாமல் போனால் அவள் உலகத்திலேயே இல்லை.

புதன்கிழமை அம்மா வேலைக்குப் போகாமல் என்னோடு பஸ் ஏறி வந்தாள். எம்பிலிப்பிட்டியச் சந்தையில் படையலுக்கு வாங்கிய மாம்பழ நிறச் சேலையையும் பையில் கொண்டுவந்தாள். விஷயத்தைக் கேட்ட நானா கேலி எதுவும் பேசவில்லை. இருந்திருந்தால் இப்போது வளர்ந்திருக்கும் தங்கச்சிக்குப் படத்தில் உடுத்துவதற்காக, சேலை முந்தானையை ஸ்கேனர் கண்ணாடியில் விரித்து அதன் கரையைப் படமாக எடுத்துத் தந்தார்.

"மொகத்துக்கு என்ன செய்யப் போறீங்க தங்கச்சி?"

வேறு வழியில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு எடுத்த என் படத்தைப் போட்டேன். அதிலிருந்து என்னை அழித்துக்கொண்டே போக வேண்டும். எங்கே நிறுத்துவது என்று அம்மா சொல்ல வேண்டும். பேராசிரியரின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் அவர் கண்டியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தங்கச்சி எப்படி இருந்தாள் என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. எது அவள் இல்லை என்று மட்டும் சொல்ல முடிந்தது. முதுகு சொறியச் சொல்கிறவர்கள்போல, "இன்னுங் கொஞ்சம் கீழ. அங்கதான். அது நீ, அது வேணாம்" என்பாள். அந்த இடத்தைத் தேய்ப்பேன். என் அகலமான தாடை போனது. மூக்கின் நுனி போனது. புருவம் மெலிந்தது. ஒவ்வொரு இடத்தையும் சொல்வதற்கு முன் அவள் என் முகத்தைத் திரையில் வெகுநேரம் பார்க்க வேண்டியிருந்தது.

"இந்த மச்சம் ஒனக்கு எப்ப வந்துச்சு?"

"பொறந்ததிலேருந்து இருக்கும்மா."

அவள் திரும்பி என் கன்னத்தைப் பார்த்தாள். திரையிலும் கன்னத்திலுமாக மாறி மாறிப் பார்த்தாள்.

வாய்க்கு வந்தபோது சிக்கிக்கொண்டோம். முளைக்காத பல் எப்படி முளைத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? "வாய மூடியே வச்சிரு" என்றாள் அம்மா. மூடினேன். மறுநாளும் வந்து உட்கார்ந்தோம். கண்ணின் ஓரத்தைக் கொஞ்சம் இறக்கியபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிறுத்து. தொடாத. அவதான்."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானா எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார். திரையிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்தாள். நான் இல்லை. அவள்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகு கூசியது, ஆனால் இந்த முறை எனக்கு முன்னால் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை படத்தைச் சுவரில் மாட்டிச் சந்தனம் வைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா பொங்கல் வாங்க வந்தவள், மாலை போட்ட படத்தைப் பார்த்து, "ஐயோ, நம்ம பெரிய புள்ளையா!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து நானே போய், "நான் இருக்கேன்க்கா" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சிரித்தாள், ஆனால் பொங்கலைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலோடு போய்விட்டாள்.

படையல் முடிந்து சேலையை உடுத்திக்கொண்டு வழக்கம்போல அம்மா முன்னால் நின்றேன். பக்கத்துச் சுவரில் படத்திலும் அதே சேலை. அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன புள்ள இப்புடி எளச்சிப் போயிட்ட? அங்க ஒழுங்கா சாப்புடுறியா இல்லையா?"

யாரைக் கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர் மட்டும்தான் இருந்தது. சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கும் ஒரு கூலி இருந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு தங்கச்சியை நினைத்தால் வாய் மூடிய, சேலை கட்டிய அந்தப் படம்தான் எனக்கு வருகிறது. வாயைப் பொத்திச் சிரிக்கும் ஓட்டைப் பல்லுக்காரி வருவதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அடுத்த ஆடியில் அம்மா ஒரே மாதிரி இரண்டு சேலை வாங்கினாள். சேலைகளுக்குச் சட்டை தைக்க டவுனில் தையல் கடை வைத்திருந்த ஒரு சிங்கள நோனாவிடம் போனோம். என் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்தோம். இரண்டும் ஒரே அளவா என்று நோனா கேட்டாள். அம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

"ஏக மகே பொடி துவட்ட" என்றாள். அது என் சின்ன மகளுக்கு என்று அர்த்தம்.

அப்படியென்றால் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னாள் நோனா. அவளால் வர முடியாது, இவளைவிடத் தோள் ஒடுக்கம் என்று அம்மா விரலால் அளந்து காட்டினாள். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. நான் கடை வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படையல் முடிந்ததும் ஒரு சேலையையும் ஒரு சட்டையையும் என்னிடம் தந்தாள். மற்றதை மடித்து ஓலைப்பெட்டியில் வைத்து மூடினாள். இன்னொரு நாள் அம்மா மலைக்குப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். தோள் ஏறவில்லை.