பாஸ்கரன் கேட்ட கேள்வி

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். இன்று சொல்லிவிடுகிறேன்... நான் பொய் சொன்னேன். அதனால் ஒரு மனிதர் மலையிலேயே கிடந்து செத்தார்.

கரமனையில் என் அடுத்த வீட்டுக்காரர் மணி. எங்கள் பஜனைக் கோஷ்டியில் அவரும் நானுமாகப் பதினான்கு பேர், வித்துராவுக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் பாறை உச்சிக்கு, காலையில் ஏறி மாலைக்குள் திரும்புவதாகப் போனோம். வழிகாட்டி பாஸ்கரன் அந்த மலையிலேயே பிறந்தவன். இறங்கும்போது கடைசி ஆளாக வரவேண்டியது நான். எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் என் வேலை!

அன்று பிரதோஷம். கோவிலுக்கு நேரமாகிறதே என்று நான் பலரையும் தாண்டி முன்னே இறங்கிவிட்டேன். மூடுபனியும் இறங்கியது.

ஓடைக்கரையில் பாஸ்கரன் எங்களை நிறுத்தி எண்ணினான். சிலர் முன்னாலேயே இறங்கி முதல் ஜீப்பில் போயிருந்தார்கள்.

“மணி சாரைக் காணல்லியே சாமி. முதல் ஜீப்பிலே ஏறினாரா?”

மிருதங்கம் வாசிக்கும் கணேசன் சிரித்தான். “அவரா? இந்நேரம் வித்துராவிலே பழம்பொரி தின்னுண்டிருப்பார் ஓய்!”

பாஸ்கரன் சிரிக்கவில்லை. திரும்பி மேலே ஏறப் போனான். ஒரு மணி நேரம் போய்விடுமே...

“அவர் முன்னாடியே இறங்கிட்டார்ப்பா. நான் கண்ணாலே பார்த்தேன்!” என்றேன்.

பார்க்கவில்லை.

ஓடையைத் தாண்டும்போது மேலே எங்கோ ஒரு கூவல். குரங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குரங்குதானா?

பிரதோஷத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். நந்தியின் முன் மனமுருகிக் கும்பிட்டேன். அதே நேரம் மணி, மழையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, கால் ஒடிந்து...

மறுநாள் உடலைத் தூக்கி வந்தார்கள். விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்றார்கள்.

இத்தோடு நின்றதா என் பாவம்? விசாரணையில் பாஸ்கரன் என்னைக் காட்டினான். “இந்தச் சாமி பார்த்தேன்னு பறஞ்சாரு.”

எல்லோரும் திரும்பினார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு நான் சொன்னேன்: “நான் அப்படிச் சொல்லவே இல்லையே!”

கணேசன் தலையைக் குனிந்துகொண்டான். பாஸ்கரன் என்னையே பார்த்தான். பிறகு மெதுவாக, “செரி சாமி. நான் கேட்டது தப்பாயிருக்கும்” என்றான்.

அவனுக்கு வேலை போயிற்று. இப்போது வித்துராச் சந்தையில் மூட்டை தூக்குகிறான். மணியின் மனைவி இன்றும் அவனைச் சபிக்கிறாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்!

இதை யாரிடமாவது சொன்னால் அப்படியே சொல்லுங்கள். ‘பாவம், அவசரத்தில் வாய் தவறிவிட்டது’ என்று எனக்காக ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். பாஸ்கரன் சரியாகத்தான் கேட்டான்.